கடலோர ஊரில் பன்னிரண்டு மாதம்



ஓய்வுக்குப் பிறகு கடற்கரை ஊரில் குடியேறலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்த அரங்கில் சிலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏற்கெனவே மனை வாங்கிப் போட்டிருப்பீர்கள். சிலர் மாமல்லபுரம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் யோசனையில் இருப்பீர்கள். அதனால் உலகத்துக் கடற்கரைகளையெல்லாம் இழுக்காமல் மாமல்லபுரம் ஒன்றையே வைத்துப் பேசுகிறேன். நான் அங்கே குடியிருப்பவன். வேலை பார்த்த காலத்தில் கட்டடப் பொறியாளன். ஆகவே கம்பி, சிமெண்ட், தண்ணீர் இவையெல்லாம் என் பேச்சில் அடிக்கடி தலைகாட்டும். அலையின் அழகைப் பற்றிக் கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நான் உங்களைக் கேட்கிறேன். அங்கே வீடு வாங்கலாம் என்ற எண்ணம் உங்களுக்கு எந்த மாதத்தில் வந்தது? என்னிடம் விசாரிக்க வருகிறவர்களிடம் இதைத் தவறாமல் கேட்பேன். பதில் மார்கழியாக இருக்கும், இல்லையென்றால் தையாக இருக்கும். மழை ஓய்ந்திருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், நாட்டிய விழா நடந்துகொண்டிருக்கும். அர்ச்சுனன் தபசைப் பார்த்துவிட்டு, ஒத்தவாடைத் தெருவில் மீன் சாப்பிட்டுவிட்டு, இருட்டியதும் சென்னை திரும்புவார்கள். வண்டி கோவளம் தாண்டும்போது, "நாம ஏன் இங்கேயே வந்துடக் கூடாது?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பெரும்பாலும் அவர்தான் கேட்பார். "வந்து? அங்க யாரோட பேசறது?" என்று அம்மா திருப்பிக் கேட்பார். அம்மா கேட்டதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன். முதலில் மாதங்களைப் பார்ப்போம்.

சித்திரையும் வைகாசியும் எப்படி இருக்கும்? கடலோரம் என்றால் குளிர்ச்சி என்பது பாதி உண்மை. நிலம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கடற்காற்று கரையேறும். மேற்கே இருந்து தரைக்காற்று பலமாக அடிக்கிற நாளில் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். அன்றைக்கு உச்சி சாய்ந்த பிறகும் கடல் கண்ணெதிரே கிடக்கும், காற்று வராது. வந்தாலும் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும், வியர்வை காயாது. அந்த வெயிலில்தான் பள்ளிக்கூட விடுமுறைக் கூட்டமும் வருகிறது.

அதே சமயத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நம் குப்பத்தில் இருப்பவை ஃபைபர் படகுகள், அவை கடலுக்குப் போகும். ஆனால் பெரிய துறைமுகங்களிலிருந்து சந்தைக்கு மீன் வராத காலம் என்பதால், இங்கே கரைக்கு வருகிற கொஞ்ச மீனுக்கும் வியாபாரிகள் வண்டியோடு காத்திருப்பார்கள். படகு ஒதுங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வஞ்சிரத்தின் விலை கேட்டு வாயடைத்துப் போவது எங்கள் ஊர் வைகாசி.

பிறகு ஐப்பசி, கார்த்திகை. இந்தப் பக்கத்துக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. ஊரின் கிடையைக் கவனியுங்கள். கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். 1877-78 தாதுவருடப் பஞ்சத்தில் பஞ்சநிவாரண வேலையாக வெட்டி நீட்டி, அப்போதைய ஆளுநர் பெயரை வைத்த அதே கால்வாய்தான். இரண்டு நீருக்கு நடுவே பாறையும் மணலுமாக ஒரு மேட்டில் ஊர் இருக்கிறது. மேட்டில் இருக்கும் வரைக்கும் கவலையில்லை. ஆனால் புது மனைகள் எல்லாம் மேட்டிலா போடப்படுகின்றன? கால்வாயை ஒட்டிய பள்ளங்களிலும் போடுகிறார்கள். கடல் கொந்தளித்திருக்கும்போது முகத்துவாரம் தண்ணீரை உள்வாங்காது. கால்வாயில் வந்த வெள்ளம் கடல் இறங்கும் வரை அங்கேயே காத்திருக்கும், உங்கள் கார் நிறுத்தும் இடம் உட்பட. மனை பார்க்கப் போகிறவர்கள் கார்த்திகையில் ஒரு தடவை, மழை பெய்துகொண்டிருக்கும்போதே, அந்த மனையில் போய் நின்று பாருங்கள். தரகர் வரமாட்டார், நீங்கள் போங்கள்.

புயல் என்றால் 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவைச் சொல்லலாம். மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. புயல் வருவதற்கு முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள், அது பாதுகாப்புக்காக. பிறகு எப்போது வரும் என்பது சாய்ந்த மரங்களையும் கம்பங்களையும் பொறுத்தது. 2004 டிசம்பர் 26ஐப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அந்த ஆழிப்பேரலை மணலை அரித்துக்கொண்டு போனதால்தான் சாளுவன்குப்பத்தில் கல்வெட்டுள்ள பாறை வெளிப்பட்டு, தொல்லியல் துறை தோண்டி, பல்லவருக்கும் முந்திய செங்கல் முருகன் கோயிலைக் கண்டெடுத்தது. இதைப் படித்தவர்கள் மகிழ்ச்சியோடு என்னிடம் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அங்கே ஒரு கோயில் இருந்து, அது கடலால் இடிந்து, அதன் மேல் மணல் மூடி, ஊர் அதை மறந்தே போயிருக்கிறது. கரை ஓரிடத்தில் நிலையாக நிற்பதில்லை. இந்தக் கடற்கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. எங்கேயாவது கல்லைக் கொட்டி அதை மறித்தால், கல்லுக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். கடற்கரைக் கோயிலைச் சுற்றிக் கல் கொட்டிச் சவுக்கு வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கோயிலுக்கு அதைச் செய்யலாம். உங்கள் வீட்டுக்கு யார் செய்வார்கள்?

இனி என் தொழிலுக்கு வருகிறேன். கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் தரையில் பதித்த ஓட்டைத் தட்டிப் பார்க்கிறார்களே தவிர இதைக் கேட்பதில்லை.

அலை உடைகிற இடத்தில் உப்பு கலந்த நுண்துளி கிளம்பிக் காற்றோடு உள்ளே வருகிறது. கரையிலிருந்து தள்ளிப் போகப் போக அது குறையும், அடி அதிகம் விழுவது முதல் சில நூறு மீட்டருக்குள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமெண்டின் காரம் அதன் மேல் ஒரு மெல்லிய காப்பைப் போட்டு வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைடு மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காப்பை உடைக்கிறது. துரு வந்துவிட்டால், அது பழைய இரும்பு இருந்த இடத்தில் அடங்காது. இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட் எங்கே போகும்? வெடிக்கும். முதலில் கம்பி போகிற வழியே முடி மாதிரி ஒரு விரிசல், அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் பால்கனியின் அடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும். மேலே பூசி வெள்ளையடித்தால் மறைந்துவிடும், உள்ளே துரு ஏறுவது நிற்காது.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரவிதி இதற்காகவே எழுதி வைத்திருக்கிறது. கடலிலிருந்து தள்ளிய பாதுகாப்பான இடத்துக்குக் கம்பியின் மேல் 20 மில்லிமீட்டர் 'கவர்' போதும் என்றால், கடலோரச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட் குறைந்தது எம்30 இருக்க வேண்டும். அலைத்துளி நேராகத் தெறிக்கிற இடத்துக்கு 50 மில்லிமீட்டர், எம்35. இதைச் செலவு என்று பார்த்தால் பெரிய செலவே இல்லை. கவர் பிளாக்கைப் பெரிதாக வைக்க வேண்டும், கம்பி கட்டுகிறவர் மிதித்து நகர்த்தாமல் மேஸ்திரி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கட்டி முடித்த பிறகு கண்ணால் பார்க்க முடியாத விஷயம் ஆதலால் யாரும் அதில் அக்கறை காட்டுவதில்லை. அடுக்குமாடி வாங்குகிறவர்கள் விற்பவரிடம் மாதிரிப் படத்தைக் கேட்காதீர்கள். கட்டமைப்பு வரைபடத்தைக் கேளுங்கள், அதில் என்ன கவர் போட்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். முகம் சுளித்தால் வேறு வீடு பாருங்கள்.

வீட்டுச் சாமான்கள் தனிக் கதை. குளிர்சாதனப் பெட்டியின் வெளி யூனிட்டில் அலுமினியத் தகடு பொடிப்பொடியாக உதிரும், செம்புக் குழாயில் ஓட்டை விழுந்து வாயு போகும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று நம்பிப் போட்ட கைப்பிடியில் புள்ளி புள்ளியாகத் துரு பூக்கும். சமையலறைப் பாத்திரத்துக்குப் போதுமான 304 வகை இங்கே தாங்காது, மாலிப்டினம் சேர்த்த 316 வேண்டும். கதவுக்கீல், ஸ்கூட்டர் சங்கிலி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாவற்றுக்கும் இங்கே ஆயுள் குறைவு.

இதில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. உப்பு, பூட்டிக் கிடக்கும் வீட்டைத்தான் அதிகம் கெடுக்கிறது. ஆள் இருக்கும் வீட்டில் சன்னல் திறப்பார்கள், மின்விசிறி சுழலும், யாராவது ஈரத்துணியால் துடைப்பார்கள், பூட்டுக்கு எண்ணெய் போடுவார்கள். ஆளில்லாத வீட்டில் படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தன் வேலையைச் செய்யும். வாரக்கடைசிக்கு மட்டும் வந்து போகலாம் என்று வாங்கியவர்கள் வந்த நேரமெல்லாம் எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்பதை நான் பார்க்கிறேன். சனிக்கிழமை காலை வருவார்கள், மோட்டார் ஓடாது. அதைச் சரி செய்து முடிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை ஆகியிருக்கும்.

மோட்டார் என்றதும் தண்ணீர். மணலில் இறங்கிய மழைநீர், உப்புநீரைவிட லேசானது என்பதால், அதன் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போடுங்கள். நாம் இறைத்து அந்த மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருந்து உப்புநீர் நாற்பது மீட்டர் ஏறப் பார்க்கும். குப்பத்துக்காரர்கள் மணலில் ஆழமில்லாமல் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பது இதனால்தான். நகரத்திலிருந்து வருகிறவர் என்ன செய்கிறார்? தண்ணீர் உவர்க்கிறதா, இன்னும் ஆழமாகப் போர் போடு என்கிறார். ஆழத்தில்தான் உப்பு இருக்கிறது. ஒரு நீச்சல் குளத்துக்காக ஆழக் குழாய் இறக்கி இறைத்தால் பக்கத்துத் தெருக் கிணறும் சேர்ந்து கெடும். கெட்ட கிணறு திரும்ப இனிக்கப் பல மழைக்காலம் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு. சென்னையிலிருந்து நீங்கள் எங்கள் ஊருக்கு வரும் வழியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு இருக்கின்றன. 2013இல் வந்தது நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் குழாயில் ஏறி வடக்கே சென்னைக்குப் போகிறது. நீங்கள் தெற்கே வருகிறீர்கள். இங்கே வந்து கேன் தண்ணீர் வாங்குகிறீர்கள்.

சட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. 2010இல் திருத்திய சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்தின் எல்லையிலிருந்தும் 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். எங்கள் ஊரில் சின்னம் ஒரே மூலையில் இல்லை, ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறது. வட்டம் போட்டுப் பார்த்தால் பழைய ஊரில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வட்டத்துக்குள் வரும். பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதோடு கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அதாவது உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை விதிகள், அதில் கடலை ஒட்டிய பகுதியில் கட்டவே கூடாது. இவை எதுவும் வில்லங்கச் சான்றில் வராது. 'வில்லங்கம் இல்லை, கிளியர் டைட்டில்' என்று தரகர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லவில்லை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் அவசரகாலத் திட்ட எல்லை என்று ஒன்று உண்டு; எங்கள் ஊர் அதற்குள் இருக்கிறது. எனக்கு இதில் பயம் கிடையாது. ஆனால் தெரிந்துகொண்டு பயப்படாமல் இருப்பது நல்லது.

மருத்துவம். மேற்கே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். தனியார் பெரிய மருத்துவமனை வேண்டுமானால் கேளம்பாக்கம் பக்கம். ரயில் கிடையாது, செங்கல்பட்டுக்குத்தான் போக வேண்டும். வார நாளில் இந்தத் தூரமெல்லாம் ஒன்றுமில்லை. சனிக்கிழமை மாலை, பொங்கல் மறுநாள், ஆங்கிலப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு, இந்த நாட்களில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆம்புலன்ஸ் எப்படி நகரும் என்று யோசித்துப் பாருங்கள். இதய நோயோ வாரம் மூன்று முறை டயாலிசிஸோ உள்ளவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நான் ஏன் அங்கே இருக்கிறேன்? நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன், பூட்டிய வீடுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

இங்கிலாந்தில் கார்ன்வால் கடற்கரையில் செயின்ட் ஐவ்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அழகான மீனவ ஊர், ஓவியர்கள் தேடிப்போன ஊர், பிறகு லண்டன்காரர்கள் விடுமுறை வீடு வாங்கிக் குவித்த ஊர். குளிர்காலத்தில் தெருத் தெருவாக வீடுகள் இருண்டு கிடந்தன. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. 2016இல் ஊரார் வாக்கெடுப்பு நடத்தி, 80 சதவீதத்துக்கு மேல் ஆதரவோடு ஒரு விதி கொண்டுவந்தார்கள். இனி ஊரில் கட்டும் புது வீட்டை, அதையே நிலையான வீடாகக் கொண்டு குடியிருப்பவருக்குத்தான் விற்கலாம். அதில் எல்லாம் சரியாகிவிடவில்லை. விடுமுறைக்காரர்கள் பழைய வீடுகளின் பக்கம் திரும்பினார்கள், கட்டுகிறவர்கள் பின்வாங்கினார்கள் என்ற குறையும் எழுந்தது. ஆனால் அந்த ஊர் என்ன கேட்டது என்பதைக் கவனியுங்கள். 'வெளியூர்க்காரனே வராதே' என்று கேட்கவில்லை. வந்தால் இரு என்று கேட்டது.

நம் பக்கம் அப்படி ஒரு விதி இல்லை, விரைவில் வரும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்தக் கேள்வியை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் குடியிருப்புக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணிக்குப் போங்கள். எதிரே நின்று விளக்கெரியும் சன்னல்களை எண்ணுங்கள். நாற்பது வீட்டில் நான்கு எரிந்தால் அங்கே உங்களுக்கு அயலார் காவலாளி ஒருவர்தான். வெள்ளிக்கிழமை இரவு மறுபடி போங்கள். எரியாத வீடுகளில் பாதியை யாரோ தினவாடகைக்கு விட்டிருப்பார்கள். ஒலிபெருக்கி இரண்டு மணி வரை பாடும். காவலாளியைக் கேட்டால், "ஓனருக்குத் தெரிஞ்சவங்க சார்" என்பார்.

இப்போது அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சுற்றுலா ஊரில் மனிதர்களை இரண்டு கணக்கில்தான் வைப்பார்கள். வந்து போகிறவர்கள் ஒரு கணக்கு. அவர்களை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஒரு கணக்கு. ஆட்டோக்காரருக்கு, இளநீர்க்காரருக்கு, அறை காட்டும் பையனுக்கு, பாசிமணி விற்கும் பெண்ணுக்கு எல்லோருக்கும் இந்தக் கணக்கு கைவந்தது, ஒரு பார்வையில் எடைபோட்டு விலை சொல்வார்கள். ஓய்வூதியத்தோடு வந்து குடியேறுகிற நாம் இரண்டிலும் சேரவில்லை. போகவும் மாட்டோம், பிழைக்கவும் வரவில்லை. நான் குடியேறிய புதிதில் மீன் விற்கும் அக்கா, "எந்த ரிசார்ட்டுல தங்கியிருக்கீங்க சார்?" என்று கேட்பார். வீடு வாங்கியிருக்கிறேன் என்று சொன்னாலும் மறுவாரம் அதே கேள்வி. மழைக்காலம் வந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர், நான் குடையோடு போய் நிற்கிறேன். "இன்னா சார், இன்னும் ஊருக்குப் போவலியா?" என்றார். நிஜமான ஆச்சரியம். இந்த மாதத்தில் இங்கே இருப்பவன் வந்து போகிறவனாக இருக்க முடியாதே என்று அவர் கணக்கு இடித்திருக்கிறது. அன்றைக்குத்தான் சங்கரா மீன் விலை முதல் முறையாகக் குறைந்தது. கொஞ்சம்தான்.

மழைக்காலத்தில் இருந்துவிட்டால் மட்டும் போதாது. ஊருக்கு உங்களால் ஏதாவது வேலை ஆக வேண்டும். இந்த ஊரில் 1957இல் தொடங்கிய சிற்பக் கல்லூரி இருக்கிறது, தெருத்தெருவாகச் சிற்பக்கூடங்கள் இருக்கின்றன, மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் ஒரு பட்டறைக்காரருக்கு வெளிநாட்டு ஆர்டருக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுத ஆள் இல்லை, ஜி.எஸ்.டி. கணக்குக்கு அலைகிறார். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் அதைச் செய்து கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. அவருக்கு இப்போது தெரு முழுக்க மாமன் மச்சான். இன்னொரு நண்பர், கோடீஸ்வரர் என்றே சொல்லலாம், பட்டறைச் சத்தமும் கல் தூசியும் தாங்கவில்லை என்று மனு மேல் மனு போடுகிறார். தூசி விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. உளிக்குப் பதில் இயந்திரம் வந்த பிறகு அந்தத் தூசி சிற்பியின் நுரையீரலுக்குத்தான் முதலில் கெடுதல். ஆனால் சிற்பியின் நுரையீரலைப் பற்றி மனுவில் ஒரு வரி இல்லை. சிற்பிகளின் ஊர் என்று விளம்பரத்தில் படித்து வாங்கியவர், உளிச்சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை.

ஊருக்கென்று ஒரு நாட்காட்டியும் இருக்கிறது, சுற்றுலாத் துறையின் அட்டையில் அது முழுதாக இருக்காது. ஸ்தலசயனப் பெருமாள் கோயில் ஊர் நடுவில் இருக்கிறது. திவ்யதேசம். பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இது. நுழைவுச்சீட்டு உள்ள இடங்களைப் பார்த்துவிட்டுப் போகிற கூட்டத்தில் பாதிப்பேர் அந்த வாசலைத் தாண்டிப் போய்விடுவார்கள். மாசி மகத்தன்று பெருமாள் கடலுக்கு எழுந்தருளுவார். அதே பௌர்ணமிக்குப் பல ஊர்களிலிருந்தும் இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து கடற்கரை மணலில் சேலையால் கூடாரம் கட்டித் தங்குவார்கள். கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, கல்யாணம் முடித்து, போய்விடுவார்கள். அவர்களுக்கு இது சுற்றுலா ஊரே கிடையாது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தபோதும், 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோதும் ஊருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், விளக்குப் போட்டார்கள். இருளர்களுக்காக யாரும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. அவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

ஆக, எனக்குத் தோன்றுவது இது. போவதானால் முழுதாகப் போங்கள். குடும்ப அட்டையை மாற்றுங்கள், வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றுங்கள், வங்கிக் கணக்கை அந்தக் கிளைக்குக் கொண்டுபோங்கள். குப்பை அள்ளவில்லை என்றால் கவுன்சிலரிடம் போய் நிற்கும் உரிமை அப்போதுதான் வரும். இரண்டு பேரில் ஒருவருக்கு மனமில்லை என்றால் போகாதீர்கள். கடல் வேண்டும், ஊர் வேண்டாம் என்கிறவர்கள் விடுதியில் அறை எடுங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதுவே சிக்கனம், மோட்டார் பழுதானால் அது விடுதிக்காரர் பாடு.

வாங்குவதற்கு முன் வாடகைக்கு இருந்து பாருங்கள். சித்திரையில் ஆரம்பியுங்கள், மார்கழியில் அல்ல. வழக்கம்போல் 11 மாத ஒப்பந்தம்தான் போடுவார்கள், மாசிக் கடைசி வரை வரும், வெயிலும் மழையும் கூட்டமும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு எச்சரிக்கை மட்டும். டிசம்பர் வந்ததும் தினவாடகையில் நல்ல காசு என்பதால், வீட்டுக்காரருக்குத் திடீரென்று மகள் பிரசவத்துக்கு வருவார், வீடு தேவைப்படும். நடுவில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதைத் தனி ஷரத்தாக எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் இருப்பதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். கேளுங்கள். மனை விலை ஏறுமா என்று மட்டும் கேட்காதீர்கள், அது எனக்குத் தெரிந்திருந்தால் நான் இந்நேரம் தரகராகியிருப்பேன்.